கோச் மாமாவுக்கு ஒரு பாராட்டு விழா

என் அக்கா வீட்டுக்காரர் ராமாமிர்தம் மாமாவுக்கு ஒரு வியாதி உண்டு. மைக்கை நீட்டினால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

மற்ற நேரங்களில் அவரும் நம்மைப் போலத்தான். கல்யாண வீட்டில் சாம்பார் பிரமாதம் என்பார். பெண் வீட்டார் வந்து விசாரித்தால் பையன் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை என்பார். ஆனால் வாய்க்கு முன்னால் மைக் வந்துவிட்டால் போதும், கோர்ட்டில் சத்தியம் பண்ணிய சாட்சி மாதிரி ஆகிவிடுவார். ஒரு கால்பந்து அணியின் கோச்சுக்கு இதைவிடக் கெட்ட வியாதி வேறு வேண்டாம்.

அணியின் பெயர் கடலலை கால்பந்துக் கழகம். கடலூர் முதுநகரில் இருக்கிறது. கோச் வேலைக்குச் சம்பளம் கிடையாது. முதுகில் கோச் என்று எழுதிய நீல டிராக்சூட் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். குளிக்கும்போது மட்டும் மாமா அதைக் கழற்றுவார். வயிற்றுப் பிழைப்புக்கு அவர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். அந்த உத்தியோகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் நிற்கிற பஸ், இன்னும் நாலு பேர் ஏறட்டும் என்று உறுமிக்கொண்டே நகராமல் நிற்கும். பின்னால் நிற்கிற பஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவான். மாமா நடுவில் புகுந்து, பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டி, "எடு எடு எடு! டைம் ஆச்சு, எடு!" என்று விரட்டுவார். முன்னால் இருப்பவனும் அவரைத் திட்டுவான், பின்னால் இருப்பவனும் திட்டுவான். காலையிலிருந்து இப்படி ஊரான் வாயில் விழுந்து எழுந்த மனுஷன், சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் அத்தனை பையன்களும் "கோச்" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார் என்று அக்கா சந்திரலேகாவே சொல்வாள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

இந்த வருஷம் மாவட்ட லீக்கில் எங்கள் அணி வரிசையாகத் தோற்றது. தோற்பது புதிதல்ல. தாட்சாயிணி மேடம் வந்ததுதான் புதிது. அவருக்குச் சிதம்பரம் தெற்கு வீதியில் வீடு. சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறார். கேள்வி கேட்பது அவர், போனை ஸ்டாண்டில் மாட்டிப் படம் பிடிப்பது அவருடைய அப்பா கனகசபேசன். கோயிலுக்குப் போகிற மாதிரி நெற்றி நிறைய விபூதியோடு வந்து நிற்பார், ஆனால் யார் முகத்தில் எப்போது அழுகை வரும் என்று அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும், உடனே கிட்டப் போய்விடுவார். மாவட்டத்தில் எந்த மூலையில் பந்து உருண்டாலும் அப்பாவும் பெண்ணும் ஸ்கூட்டியில் ஆஜர்.

மங்கலம்பேட்டை அணியிடம் ஐந்து கோல் வாங்கிய அன்றுதான் முதல் வம்பு.

"தோல்விக்கு என்ன காரணம் கோச்?" என்று மைக்கை நீட்டினார் தாட்சாயிணி.

"கோல்கீப்பர் ஸ்ரீதருக்குப் போன வாரம்தான் கல்யாணம் ஆச்சு மேடம். பந்தைப் பாருடான்னா, பொண்டாட்டி உக்காந்துக்கினு இருக்கற பக்கமே பாத்துக்கினு இருக்கான்."

"அப்போ அவரை ஏன் இறக்குனீங்க?"

"அவன் மாமனாருதான் மேடம் எல்லாருக்கும் ஜெர்சி எடுத்துக் குடுத்தாரு."

அந்த வீடியோ மறுநாள் எல்லோர் போனிலும் இருந்தது. ஸ்ரீதரின் மனைவி மைதானத்துப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். மாமனார் ஜெர்சிகளைத் திருப்பிக் கேட்டார், அதுவும் துவைத்துத் தரச் சொல்லி.

கழகத் தலைவர் சுப்பராயலு முதுநகரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். அவருக்கு மெதுவாகப் பேச வராது. "யோவ் ராமாமிர்தம்! அது வாயா இல்ல முனிசிபாலிட்டி கொழாயா? தொறந்தா மூட மாட்டியா?" என்று நடுத்தெருவில் கத்தினார். கத்தி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "டேய் அறிவழகா, இனிமே உங்க மாமனுக்கு நீதான் மீடியா மேனேஜர்" என்றார். நான் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவன். எனக்கும் மீடியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "ஊரு பூரா பேனரு வைக்கிறவன் நீதான? அதுவும் மீடியாதான்" என்று முடித்துவிட்டார்.

சரி, வந்த வேலையைச் செய்வோம் என்று வெளிநாட்டுக் கோச்சுகள் பேட்டி கொடுப்பதை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆறு கோல் வாங்கியிருந்தாலும் அவர்கள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. 'பையன்கள் நூறு சதவீதம் கொடுத்தார்கள்' என்பார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். மாமாவுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துவிட்டது. மனப்பாடம் பண்ணினார். பண்ணியதோடு விட்டாரா? ஒரு சாவு வீட்டில், கடைசி நேரத்தில் பெரியவர் எப்படி இருந்தார் என்று யாரோ துக்கம் விசாரிக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "நூறு சதவீதம் குடுத்தாரு" என்றார். பெரியவரின் மகன் அதைக் கேட்டுத் தேம்பி அழுததால் அன்றைக்குத் தப்பித்தோம்.

அடுத்தது திருவதிகை அணியிடம் நாலு கோல். மைக் வந்தது. நான் பின்னால் நின்று மாமாவின் இடுப்பில் ஒரு குத்து விட்டேன்.

"பசங்க நூறு சதவீதம் குடுத்தாங்க மேடம்" என்றார் மாமா, கணீரென்று.

அத்தோடு நகர்ந்திருக்கலாம். அந்தப் பெண் லேசுப்பட்டதில்லை. அடுத்த கேள்வி கேட்காமல், மைக்கையும் எடுக்காமல் சும்மா நின்றார். கனகசபேசன் கிட்டே போனார். மாமாவின் கழுத்து நரம்பு துடித்தது.

"நூறு சதவீதம் குடுத்தும் நாலு கோல் வாங்கறான்னா இன்னா அர்த்தம் மேடம்? நம்ம நூறு சதவீதமே அவ்ளோதான்னு அர்த்தம்."

என் மீடியா மேனேஜர் உத்தியோகம் அன்றோடு சிரிப்பாய்ச் சிரித்துப் போயிற்று. 'தாங்குவாரா ராமாமிர்தம்?' என்று தலைப்புப் போட்டு தாட்சாயிணி தனியாக ஒரு வீடியோ விட்டார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள், "கோச்சு, வண்டி நூறு சதவீதம் கெளம்பிடுச்சு" என்று கத்திவிட்டுப் போனார்கள். மாமா சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். ஐந்தாவது தோல்விக்குப் பிறகு மனுஷன் பாதியாக இளைத்துப்போனார். தலைவர் தன்னை எடுத்துவிடுவாரோ என்று அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த டிராக்சூட்டை அவரே துவைக்க ஆரம்பித்தார், அக்கா கையில் கொடுக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் சுப்பராயலு என் கடைக்கு வந்தார். உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம ராமாமிர்தம் சாருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கலாம்னு இருக்கேன். பெரிய பேனரா அடி" என்றார்.

எனக்குப் பாராட்டு விழாவைவிட அந்த 'சார்'தான் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கழற்றிவிட வேண்டுமென்றால் நேரில் சொல்கிற வழக்கம் கிடையாது. மனசு நோகுமாம். அதனால் மேடை போட்டு, சால்வை போர்த்தி, இவரைப் போல் உண்டா என்று நாலு பேர் பேசி, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். சங்கத்துச் செயலாளரோ, விழாக் குழுத் தலைவரோ, யாராயிருந்தாலும் இதுதான் முறை. புகழ்ச்சி எவ்வளவு ஜாஸ்தியோ அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்று அர்த்தம். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

"சிதம்பரத்துலேர்ந்து ஞானசேகரன்னு ஒருத்தரு வராரு. காலேஜுல விளையாட்டு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அன்னைக்கு மேடையிலயே அவரை அறிவிச்சிடலாம்" என்றார் சுப்பராயலு. "உங்க மாமன் காதுல நீ பக்குவமா போட்டு வச்சிடு. என்னால மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாதுடா."

நான் அக்காவிடம் போனேன். "நீதான மீடியா மேனேஜரு, நீயே சொல்லு" என்றாள். "நீதான பொண்டாட்டி" என்றேன். சண்டைதான் மிச்சம். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு நானே போனேன். மாமா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போனில் விழா அழைப்பு வந்திருந்தது.

"பாத்தியா மச்சான்! அஞ்சு மேட்ச் தோத்தவனுக்குப் பாராட்டு விழா வைக்கிறாருய்யா! தலைவருக்கு எம்மேல எவ்ளோ நம்பிக்கை இருந்தா இதைச் செய்வாரு? நான் இன்னாடான்னா தூக்கிடுவாருன்னு பயந்துக்கினு கெடந்தேன்!"

கைக்குழந்தைக்குத் தெரிந்த விஷயம் மாமாவுக்குத் தெரியவில்லை. இதற்கு முன் அவரை யாரும் மேடையில் ஏற்றியதில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

விழா சுப்பராயலுவின் மண்டபத்திலேயே நடந்தது. காலையில் அங்கே கல்யாணம். மாலை, தோரணம், மாப்பிள்ளை பெண் உட்கார்கிற சிவப்பு சோபா எல்லாம் அப்படியே இருந்தன. அந்த சோபாவில் மாமாவையும் ஞானசேகரனையும் ஜோடியாக உட்கார வைத்துவிட்டார்கள். வந்திருப்பவர் சிறப்பு விருந்தினர் என்று நினைத்து மாமா அவருக்கு மரியாதையாக விசிறிவிட்டுக்கொண்டிருந்தார். ஞானசேகரன் நல்ல மனிதர்தான். மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, அவர் கையைப் பிடித்து, "உங்க பெருந்தன்மை யாருக்கும் வராது" என்று கண்கலங்கினார். மாமாவும் கலங்கினார், எதற்கு என்று தெரியாமலே.

கழகச் செயலாளர் கலைமணி, கடலூர் கண்ட கால்பந்துக் கடல் என்று ஆரம்பித்தார். அடுத்து வந்தவர் இமயம் என்றார். சுப்பராயலு அரை மணி நேரம் 'ராமாமிர்தம் சார் அவர்கள்' என்றே பேசினார். சால்வைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, கடைசியில் மாமாவின் மூக்கும் கண்ணாடியும்தான் வெளியே தெரிந்தன. ஏற்புரை என்று சொல்லி அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதன் பிறகு தலைவர் எழுந்து புதுக் கோச்சை அறிவிப்பதாக ஏற்பாடு.

மைக் வந்துவிட்டதல்லவா? உண்மை வந்துவிட்டது.

"வணக்கம். நான் இருக்கறதச் சொல்லிடறேன். என்னைத் தூக்கிடுவாங்கன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். தூக்கம் இல்ல, சோறு எறங்கல. பஸ் ஸ்டாண்டுல எவன் சிரிச்சாலும் என்னைப் பாத்துதான் சிரிக்கிறான்னு தோணும். தோத்ததெல்லாம் என் தப்பு. ஸ்ரீதரைப் பத்தி மைக்குல அப்படிச் சொன்னதும் தப்புதான். அவன் பொண்டாட்டி கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். வேற ஊரா இருந்தா கழுத்தைப் புடிச்சி வெளிய தள்ளியிருப்பாங்க. நம்ம தலைவரு கூப்பிட்டு சால்வை போடறாரு. இப்படி ஒரு மனுசன் எங்கயாவது உண்டா? என் மூச்சு இருக்கறவரைக்கும் இந்தக் கழகத்தை உட்டு நான் போவ மாட்டேன்."

முதலில் ஸ்ரீதர் எழுந்து கை தட்டினான். பின்னாலேயே பையன்கள் எல்லோரும் எழுந்து தட்டினார்கள். சுப்பராயலுவின் முகத்தில் வேர்வை வழிந்தது. எங்கிருந்தோ தாட்சாயிணி மேடையேறி அவரிடம் மைக்கை நீட்டினார்.

"தலைவர் சார், கோச்சை மாத்தப் போறதா ஒரு பேச்சு இருக்கே?"

சுப்பராயலு கேமராவைப் பார்த்தார். சால்வை மூட்டைக்குள்ளிருந்து நன்றியில் அழுதுகொண்டே தன்னையே பார்க்கிற மாமாவைப் பார்த்தார்.

"யாரு சொன்னது? எல்லாம் உங்கள மாதிரி மீடியா கெளப்பி உடறது!"

"அப்போ ஞானசேகரன் சார் எதுக்கு வந்திருக்கார்?"

"அவரு... ஆலோசகரு."

ஞானசேகரன் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். ஆலோசகர் ஆன செய்தி அவருக்கு அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சால்வைகளை மடித்துக்கொண்டே அக்கா எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். இனிமேலும் மறைத்தால் ஊர் சொல்லும், அதற்கு நாமே சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். மாமா ஒரு சால்வையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்ப அவுங்க பேசனதெல்லாம் பொய்யா?" என்று கேட்டார்.

"பொய்யில்லீங்க. ஆனா அதையெல்லாம் போறவங்களுக்குத்தான் சொல்லுவாங்க. இருக்கறவங்களுக்கு யாரு சொல்றா?"

"போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேன்ல?" என்றார் மாமா. "அத்தனை பேரு முன்னாடி அழுதுட்டு வந்திருக்கேன்."

எனக்குச் சுப்பராயலு மேல் கோபம், கலைமணி மேல் கோபம், டீயைக் குடித்துவிட்டு வந்த என் மேலும் கோபம். மறுநாள் மாமா தலைவரிடம் நேராகப் போய் நின்றார், இருக்கணுமா போகணுமா என்று கேட்டுவிடுவது என்று. "வாங்க கோச் சார், உக்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" என்றார் சுப்பராயலு. அந்த மரியாதையைக் கேட்டதும் மாமாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. போ என்று சொல்ல சுப்பராயலுவுக்கும் வாய் வரவில்லை. "சிதம்பரம் மேட்ச் முடியட்டும் சார், பேசிக்கலாம்" என்று காபியோடு அனுப்பிவிட்டார்.

சிதம்பரம் அணி லீக்கில் முதலிடம். மேட்ச் அவர்கள் ஊரில். எங்கள் பையன்கள் அன்றைக்கு ஆடியதை நான் எங்கே போய்ச் சொல்வேன்! ஸ்ரீதர் குரங்கு மாதிரி தாவித் தாவிப் பிடித்தான். அவன் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தாள், அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டோம். ஒன்றுக்குப் பூஜ்யம். ஆலோசகர் ஞானசேகரன், தன் சொந்த ஊருக்கு எதிராக எழுந்து குதித்தார். சுப்பராயலு கேலரியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். கோட்டுக்கு வெளியே போன பந்து ஸ்ரீதரிடம் வந்தது. கீழே வைத்து உதைக்க வேண்டும். ஜெயிக்கிற நேரத்தில் நேரத்தைக் கடத்த உலகத்தில் எந்த கோல்கீப்பரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பந்தை வைத்தான், எடுத்தான், தள்ளி வைத்தான், குனிந்து ஷூ லேசைக் கட்டினான். சிதம்பரத்துக்காரர்கள் பின்னாலிருந்து ஹோவென்று கத்தினார்கள்.

ஒன்று நகராமல் நிற்கிறது, பின்னால் இருப்பவன் கத்துகிறான். மாமாவுக்கு எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. உட்கார்ந்திருந்த பந்தலின் தகரத்தில் படபடவென்று தட்டினார்.

"எடு எடு எடு! டைம் ஆச்சு, எடு!"

கோச் சொல்கிறாரே என்று பதறிப்போய் ஸ்ரீதர் ஓங்கி ஒரு உதை விட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோன சிதம்பரம் ஆட்டக்காரன் ராஜகணேஷின் முதுகில் அது பட்டது. பட்ட வேகத்தில் திரும்பி உருண்டு, ஸ்ரீதரைத் தாண்டி எங்கள் கோலுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. ராஜகணேஷுக்கு, கூட ஆடுகிறவர்கள் வந்து கட்டிப் பிடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நடுவர் விசில் ஊதிவிட்டார்.

தோல்வியில்லை, சமன்தான். ஆனால் அதைச் சொல்லி யாரைத் தேற்றுவது? சுப்பராயலு கேலரியிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். மாமா டிராக்சூட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு எழுந்து நின்றார். தாட்சாயிணி ஓடி வந்தார். கனகசபேசன் அவரை முந்திக்கொண்டு ஓடி வந்தார். கேமராவுக்கு முன்னால், இன்னொரு சால்வை இல்லாமல், இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"யோவ்!" என்று ஒரு கத்தல். மைதானமே திரும்பியது. "அறிவு கெட்ட ராமாமிர்தம்! மண்டையில மூளை வச்சிருக்கியா, களிமண்ணு வச்சிருக்கியா? கையில இருந்த மேட்ச்சுய்யா! அவன் பாட்டுக்கு நேரத்தக் கடத்திக்கினு நிக்கிறான், நீ இன்னாத்துக்கு அவனப் பண்ருட்டி பஸ்ஸ வெரட்டறாப்புல வெரட்டற? சோறுதான துன்ற? அடுத்த மேட்ச்சுல மட்டும் அந்தத் தகரத்துல கைய வச்ச, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன், சொல்லிட்டேன்!"

திட்டத் திட்ட மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. சுப்பராயலு மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். தாட்சாயிணி சட்டென்று மைக்கை மாமாவிடம் நீட்டினார்.

"கோச், தலைவர் இவ்வளவு கோபமா இருக்கார். உங்க பதவி என்ன ஆகும்?"

மாமா அவருக்குப் பதில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பிடித்திருந்த கனகசபேசனைப் பார்த்தார்.

"சார், 'அடுத்த மேட்ச்சுல'ன்னு சொன்னாரே, அது ரெக்கார்டு ஆச்சா?"